இதய எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறீர்களா? மூன்று முறை அலைந்தவளின் குறிப்புகள்

என் அப்பாவுக்கு இதய எம்.ஆர்.ஐ. எடுப்பதற்காக உடுமலையிலிருந்து கோவைக்கு மூன்று முறை போனோம். முதல் இரண்டு முறையும் எடுக்காமலே திரும்பினோம். முதல் முறை போன இடமே தப்பு. இரண்டாவது முறை இரண்டு காகிதம் குறைந்தது. போக வர நூற்று நாற்பது கிலோமீட்டர், படுத்தால் மூச்சு வாங்கும் மனிதரைக் காரில் வைத்துக்கொண்டு. முன்கூட்டியே நாலு கேள்வி கேட்டிருந்தால் ஒரே பயணத்தில் முடிந்திருக்கும். அந்த நாலு கேள்வி எவை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மாத்திரையை நிறுத்துவது, தொடர்வது, மருந்து ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் மருத்துவர் வாயிலிருந்து வர வேண்டியவை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது வரைதான் என் எல்லை.

1. எதற்காக எடுக்கிறோம் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்

இதய எம்.ஆர்.ஐ. என்பது ஒரே பரிசோதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன தெரிய வேண்டும் என்பதைப் பொறுத்து எடுக்கும் முறை, நேரம், ஊசி, செலவு எல்லாமே மாறும்.

அப்பாவுக்கு 64 வயது. இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்து, இதய ரத்தக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாயை வைத்தார்கள். அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்கோவில் (இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) இதயத்தின் பம்பிங் 30 சதவீதம் என்று வந்தது. பைபாஸ் செய்தால் பலன் இருக்குமா என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. சரியாகச் சுருங்காத அந்தத் தசை ரத்தம் போதாமல் சோர்ந்து கிடக்கிறதா, இல்லை செத்துத் தழும்பாகிவிட்டதா? சோர்ந்த தசைக்கு ரத்தம் கொடுத்தால் எழுந்துகொள்ள வாய்ப்பு உண்டு. தழும்புக்கு எவ்வளவு ரத்தம் கொடுத்தும் பயனில்லை. இதற்கு எடுப்பதை ‘வயபிலிட்டி ஸ்டடி’ என்கிறார்கள். கெடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசி வழியாக ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் படம் எடுக்கிறார்கள். தழும்பில் அந்த மருந்து தேங்கி நின்று வெள்ளையாகத் தெரியும்.

இதயத் தசை அழற்சி, தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் இவற்றுக்கும் பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் தேவைப்படும். தலசீமியா குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் இதயத்தில் இரும்பு படியும். அதை அளக்கும் ‘டி-2 ஸ்டார்’ பரிசோதனைக்குக் கான்ட்ராஸ்டே வேண்டாம், நேரமும் குறைவு. இதயத்தை மருந்தால் வேலை வாங்கி, ரத்த ஓட்டம் போதுகிறதா என்று பார்ப்பது ‘ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ.’ அதற்கு விதிகள் தனி. ஆறாவது படியில் வருகிறேன்.

ஆக, சீட்டில் வெறுமனே ‘கார்டியாக் எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் இருந்தால் மருத்துவர் அறையை விட்டு வெளியே வராதீர்கள். எதற்காக, கான்ட்ராஸ்ட் உண்டா, ஸ்ட்ரெஸ் உண்டா என்ற மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சில சீட்டுகளில் ‘சி.எம்.ஆர்.’ என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தைப் பலர் தப்பாக நினைக்கிறார்கள். ‘அடைப்பு இருக்கிறதா பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம்’ என்பார்கள். ரத்தக் குழாயில் எந்த இடத்தில் எத்தனை சதவீதம் அடைப்பு என்று பார்க்க ஆஞ்சியோகிராமோ, சி.டி. ஸ்கேனில் எடுக்கும் ஆஞ்சியோவோதான் வழக்கமான வழி. எம்.ஆர்.ஐ.யின் பலம் தசையைப் பார்ப்பதில். சொந்தக்காரர் சொன்னார் என்று நீங்களே போய் எடுத்தால் பணம் வீண்.

2. எல்லா எம்.ஆர்.ஐ. சென்டரிலும் இதயம் எடுக்க மாட்டார்கள்

எங்கள் முதல் பயணம் இங்கேதான் வீணானது. கோவையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்தேன். ‘எம்.ஆர்.ஐ.தானே மேடம், காலையில எட்டு மணிக்கு வந்துருங்க’ என்றார்கள். போனோம். பணம் கட்டி, உடை மாற்றிய பிறகு டெக்னீஷியன் சீட்டைப் பார்த்துவிட்டு, ‘இங்க ஹார்ட் பண்றதில்லீங்களே’ என்றார். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அந்த நாளை யார் தருவார்கள்?

தலையும் முதுகும் அசையாமல் கிடக்கும். இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். அதனால் நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒட்டிவிட்டு, ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே கட்டத்தைப் பிடித்துப் பிடித்துச் சேர்த்துத்தான் ஒரு படத்தை உருவாக்குகிறார்கள். அதற்குத் தனி மென்பொருள் வேண்டும், ஈ.சி.ஜி.யோடு இணைக்கும் வசதி வேண்டும், பழகிய டெக்னீஷியன் வேண்டும், படத்தைப் படிக்கத் தெரிந்த ரேடியாலஜிஸ்ட் வேண்டும். முட்டிக்கும் முதுகுக்கும் பயன்படும் குறைந்த சக்தி ‘ஓப்பன்’ இயந்திரங்கள் இதற்குப் போதாது. 1.5 டெஸ்லா (காந்த சக்தியின் அளவு) இயந்திரம் தாராளமாகப் போதும். ‘எங்களிடம் 3 டெஸ்லா’ என்று பெருமையாகச் சொல்வதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இதயத்தைப் பொறுத்தவரை இயந்திரத்தைவிட அதை ஓட்டுகிற கைதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

போனில் இப்படிக் கேளுங்கள்:

‘இதய எம்.ஆர்.ஐ. எடுக்கிறீர்களா? வாரத்துக்கு எத்தனை எடுப்பீர்கள்?’ இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். ‘கேட்டுச் சொல்கிறோம்’ என்றால் வேறு இடம் பாருங்கள்.

‘எந்தக் கிழமை எடுப்பீர்கள்?’ சில இடங்களில் இதயத்துக்கென்று வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் ஒதுக்குகிறார்கள். அந்த நாளில்தான் அதற்குரிய ரேடியாலஜிஸ்ட் இருப்பார்.

‘ரிப்போர்ட் எழுதுவது யார், எத்தனை நாளில் கிடைக்கும்?’

‘கான்ட்ராஸ்ட், படங்களைப் பதிந்து தரும் சி.டி. எல்லாம் சேர்த்து எவ்வளவு?’

வரவேற்பில் இருப்பவருக்கு இவற்றுக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. அறைக்கே இணைப்புக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது இடத்தில் எனக்குக் கொடுத்தார்கள். அந்த டெக்னீஷியன் தம்பிதான் முதன்முதலில் ‘அப்பா என்ன வேலை பார்த்தாருங்க?’ என்று கேட்டார். ஏன் கேட்டார் என்பது அடுத்த படியில்.

3. உடம்புக்குள் என்ன உலோகம் இருக்கிறது?

வெளியில் இருக்கும் உலோகத்தைக் கழற்றிவிடலாம். உள்ளே இருப்பதுதான் ஆபத்து. எம்.ஆர்.ஐ.யின் காந்தத்தை விளக்கு மாதிரி தேவைப்படும்போது போட்டு அணைக்க முடியாது. படம் எடுக்காத நேரத்திலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில் நோயாளியின் உறவினர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போய், காந்தம் இழுத்ததில் உயிரையே இழந்தார். அங்கே கேட்கும் கேள்விகளுக்கு ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று வேகமாகத் தலையாட்டிவிடாதீர்கள்.

அப்பா கோவை கணபதி பகுதியில் லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கடைசல், கிரைண்டிங், வெல்டிங் வேலை செய்தவர்களின் கண்ணில் இரும்புத் துகள் தங்கியிருக்கலாம். காந்தத்துக்குள் போனால் அது நகர்ந்து கண்ணைக் கெடுத்துவிடும். ‘கண்ணுல பொறி விழுந்து டாக்டர் எடுத்தாரு, ஆனா பதினஞ்சு வருசம் ஆச்சு’ என்றார் அப்பா. எத்தனை வருடம் ஆனாலும் இரும்பு இரும்புதான். முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே எடுத்துத் துகள் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். பட்டறை வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் இதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ஸ்டென்ட் வைத்தவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். இதய ஸ்டென்டுகளோடு பொதுவாக எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். பைபாஸ் செய்து நெஞ்செலும்பில் கம்பி போட்டிருந்தாலும், செயற்கை வால்வு வைத்திருந்தாலும் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் ‘பெரும்பாலும்’ என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். அதுதான் நான்காவது படி.

இதயத் துடிப்பைச் சீராக வைக்க உடம்புக்குள் பொருத்தும் பேஸ்மேக்கர் விஷயம் தனி. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றது, ஏற்காதது என்று இரண்டு வகை உண்டு. ஏற்றதாகவே இருந்தாலும் அப்படியே உள்ளே போய்விட முடியாது. ஸ்கேனுக்கு முன் அதை எம்.ஆர்.ஐ. நிலைக்கு மாற்றி, முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆள் வர வேண்டும். அதற்குத் தனியாக நாள் குறிக்க வேண்டியிருக்கும். வைத்தபோது கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் இதய மருத்துவரைப் பாருங்கள். காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப், இன்சுலின் பம்ப் இவற்றையும் மறைக்கக் கூடாது. கர்ப்பமாக இருந்தாலோ, சந்தேகமாக இருந்தாலோ முதலிலேயே சொல்லுங்கள், கெடோலினியத்தைத் தவிர்ப்பார்கள்.

4. காகிதக் கட்டு

இரண்டாவது பயணம் வீணானது இதனால். சென்டர் சரி, டெக்னீஷியன் சரி, கண் எக்ஸ்ரேயும் கையில் இருந்தது. ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் நான்கு மாதப் பழசு. ஸ்டென்ட் வைத்த டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டு பீரோவில் கிடந்தது. ‘புதுசா ரத்தம் பார்த்துட்டு வாங்க, ஸ்டென்ட் பேப்பரும் வேணும்’ என்று அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் செய்ததுதான் சரி.

கட்டில் இருக்க வேண்டியவை:

மருத்துவர் சீட்டு, முதல் படியில் சொன்ன மூன்று விவரங்களோடு.

கிரியேட்டினின் ரிப்போர்ட், அதோடு சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவும். கெடோலினியம் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது. இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தால் மிகவும் யோசித்துத்தான் போடுவார்கள். சிறுநீரகம் மிக மோசமாக இருப்பவர்களுக்குப் பழைய வகை மருந்துகளால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் அபூர்வமான நோய் வந்திருக்கிறது. ரிப்போர்ட் எத்தனை நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். எங்களிடம் முப்பது நாள் என்றார்கள், வேறொரு இடத்தில் ஒரு வாரம் என்றார்கள். போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை எது நடந்திருந்தாலும் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி. ஸ்டென்ட், வால்வு, பேஸ்மேக்கர் அட்டை தொலைந்துவிட்டதென்றால், வைத்த மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கலாம். அதற்குச் சில நாள் ஆகும் என்பதால் முதலில் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

கடைசி எக்கோ, ஈ.சி.ஜி., ஆஞ்சியோ ரிப்போர்ட்டுகள். ரேடியாலஜிஸ்ட் ஒப்பிட்டுப் பார்க்க இவை வேண்டும்.

தினமும் சாப்பிடும் மாத்திரைப் பட்டியல், ஒவ்வாமை எதற்கு என்ற விவரம், நோயாளியின் எடை. எடையைக் கேட்பது கான்ட்ராஸ்ட் அளவைக் கணக்கிட. ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து, நாள் குறிக்கும்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இது போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா’ என்று கேளுங்கள். மூன்றாவது முறை அப்படித்தான் செய்தேன். பதில் வந்த பிறகுதான் காருக்குச் சொன்னேன்.

5. பணம்

கோவையில் நான் விசாரித்த நான்கு இடங்களில் 9,000 ரூபாயிலிருந்து 17,000 ரூபாய் வரை சொன்னார்கள். குறைவாகச் சொன்ன இடத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து, சி.டி. எல்லாம் தனி. கூட்டிப் பார்த்தால் நடுத்தரமாகச் சொன்ன இடத்துக்கும் இந்த இடத்துக்கும் ஐநூறு ரூபாய்தான் வித்தியாசம். ஸ்ட்ரெஸ் என்றால் அந்த மருந்துக்கும், பக்கத்தில் நிற்கும் மருத்துவருக்கும் சேர்த்துக் கூடும். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டியிருந்தால் மயக்க மருத்துவர் கட்டணம் தனி. ரத்தப் பரிசோதனை, கண் எக்ஸ்ரே, கார் வாடகை என்று எங்களுக்கு ஸ்கேன் கட்டணத்துக்கு மேலே ஏறியது கொஞ்சநஞ்சமல்ல. அதில் பெரும் பகுதி அந்த இரண்டு வெட்டிப் பயணம்.

அரசு மருத்துவமனைகளில் பல இடங்களில் எம்.ஆர்.ஐ. மையத்தைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிறது. கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. இதயத்துக்கு எடுக்கிறார்களா, எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று அந்த மருத்துவமனையின் ரேடியாலஜி பிரிவில் நேரில் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனையில் அதற்கென்று இருக்கும் கவுண்ட்டரில் உங்கள் சீட்டைக் காட்டி, இது திட்டத்துக்குள் வருமா என்று ஸ்கேனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எடுத்துவிட்டுப் பில்லோடு போனால் பதில் இருக்காது.

தனியார் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி உண்டு. ‘ஒரு நாள் அட்மிட் ஆகி எடுத்தால் கிளெய்ம் ஆகிவிடும்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். பரிசோதனைக்காக மட்டும் படுக்கையில் சேர்வதற்குப் பணம் கிடையாது என்பது பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் விதிவிலக்கு. அதே நோய்க்காகப் பின்னால் அறுவை சிகிச்சை நடந்தால், அதற்கு முந்தைய 30 அல்லது 60 நாளுக்குள் எடுத்த பரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் தரும். அதனால் பில், பணம் கட்டிய ரசீது, மருத்துவர் சீட்டு மூன்றின் அசலையும் பத்திரப்படுத்துங்கள். அப்பா மாதிரி அறுபதைத் தாண்டி இன்சூரன்ஸே இல்லாதவர் என்றால், பழைய வருமானவரி முறையில் வருடம் 50,000 ரூபாய் வரை மருத்துவச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கட்டியிருந்தால் மட்டும் கணக்கில் வராது. கார்டிலோ ஜிபேயிலோ கட்டுங்கள்.

6. முந்தைய நாளும் அன்று காலையும்

சாப்பாடு: எங்களை நான்கு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். சர்க்கரை நோயாளி என்றால் பட்டினியோடு மாத்திரையோ இன்சுலினோ போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். காலை மருந்தை என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள், முடிந்தவரை முதல் ஆளாக நேரம் வாங்குங்கள்.

காபி: ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ.யில் அடினோசின் என்ற மருந்து கொடுப்பார்கள். காபியில் உள்ள கஃபீன் அதை வேலை செய்ய விடாது. குறைந்தது 12 மணி நேரம், பல இடங்களில் 24 மணி நேரம் காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது. பூஸ்ட், போர்ன்விட்டாவிலும் கோக்கோ இருக்கிறது. தலைவலிக்குப் போடும் சாரிடான் மாத்திரையிலும் கஃபீன் இருக்கிறது. காபி குடிக்காத தலைவலிக்கு அதைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டாம். மூச்சிரைப்புக்கு டெரிஃபிலின் சாப்பிடுபவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இதை முன்பே சொல்ல வேண்டும். அவர்களுக்கு அந்த மருந்தே ஒத்துவராமல் போகலாம். வெறும் வயபிலிட்டி ஸ்டடிக்கு இந்தக் காபி விரதம் இல்லை. தெரியாமல் அப்பாவுக்கு ஒரு நாள் முழுக்கக் காபி கொடுக்காமல் வைத்திருந்து நன்றாகத் திட்டு வாங்கினேன்.

சிறுநீர் மாத்திரை: இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இதயம் பலவீனமானவர்கள் பலர் காலையில் லாசிக்ஸ் மாதிரி நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுவார்கள். அப்பாவும் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனார். இருபதாவது நிமிடத்தில், அவசரத்துக்குக் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டார். வெளியே இழுத்து, எழுப்பி, கழிவறைக்கு அனுப்பி, திரும்பப் படுக்க வைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்த மாத்திரையை ஸ்கேன் முடிந்த பிறகு சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகத் தள்ளிவைக்காதீர்கள், மூச்சுத் திணறலுக்குத்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். எப்படியானாலும் உள்ளே போவதற்கு இரண்டு நிமிடம் முன்பு கழிவறைக்குப் போய்விட்டு வரட்டும்.

நகை: வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வெள்ளி அரைஞாண், தாயத்து, மெட்டி, ஊக்கு, கொக்கி வைத்த உள்ளாடை எதுவும் கூடாது. கழற்றியே பழக்கமில்லாத மூக்குத்தி திருகு இறுகிப்போயிருக்கும், முந்தைய நாளே நகை ஆசாரியிடம் போனால் பயமில்லாமல் எடுத்துத் தருவார். மெட்டிக்குச் சோப்பு நுரை போதும். நாங்கள் காத்திருந்தபோது ஓர் அம்மாள் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தார். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்றாலும், நெஞ்சின் மேல் கிடக்கும் எந்த உலோகமும் அந்த இடத்தின் படத்தைக் கெடுக்கும், சூடாகவும் செய்யும். கடைசியில் அவர் மாமியார்தான் வெளியே போய் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வந்து, முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, தங்கத் தாலியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். இதை வீட்டிலேயே செய்துகொண்டு போனால் பதற்றம் இருக்காது.

நெஞ்சில் எண்ணெய், தைலம், பவுடர் தடவாதீர்கள், ஈ.சி.ஜி. ஒட்டாது. ஆண்களுக்கு ஒட்டும் இடத்தில் முடியை மழிப்பார்கள். வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி, மருந்து பேட்ச் இருந்தால் சொல்லிவிட்டு எடுத்துவிடுங்கள், சிலவற்றில் உலோகத் தகடு உண்டு. கண்மையும் வேண்டாம்.

7. மூச்சு நிறுத்தப் பழகுங்கள்

படம் நன்றாக வருவது பாதி நோயாளியின் கையில்தான் இருக்கிறது. ‘மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க’ என்பார்கள். மூச்சை வெளியே விட்ட பிறகு நிறுத்த வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நம் பழக்கம் இழுத்துப் பிடிப்பது. ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து விநாடி. அப்படி இருபது, முப்பது முறை வரும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் படுக்க வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பழக்குங்கள். அப்பாவால் முதல் நாள் ஆறு விநாடிதான் முடிந்தது, ஒரு வாரத்தில் பன்னிரண்டு வந்தது.

முடியவே இல்லை என்றால் மறைக்காதீர்கள். இதயத் துடிப்பு சீராக இல்லை என்றாலும், தலையணை இல்லாமல் மட்டமாகப் படுக்க முடியாது என்றாலும் நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். மூச்சு விட்டுக்கொண்டே எடுக்கும் முறைகளும் இருக்கின்றன, படம் கொஞ்சம் சுமாராக வரும்.

அப்புறம் காது. முப்பது வருட லேத் சத்தத்தில் அப்பாவுக்குக் காது மந்தம். காது மெஷினைக் கழற்ற வேண்டும், இயந்திரமோ சுத்தியல் அடிக்கிற மாதிரி சத்தம் போடும், அதற்குமேல் பதிவு செய்த குரல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் நிறுத்த வேண்டிய நேரத்தில் மூச்சு விட்டார், விட வேண்டிய நேரத்தில் நிறுத்தினார். முதல் மூன்று படமும் வீண். பிறகு டெக்னீஷியன் தம்பியே மைக்கில் ‘ஐயா, மூச்சை விடுங்க’ என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. தமிழில், நேரடியாகச் சொல்லச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

8. உள்ளே

மொத்தம் அரை நாள் ஒதுக்குங்கள். குழாய்க்குள் இருப்பது 45 நிமிடத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம். ஊசி போட, ஈ.சி.ஜி. ஒட்ட, படிவம் நிரப்ப என்று அதற்கு முன்னால் அரை மணி நேரம். கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, கையில் ஊசி குத்துவது மட்டும்தான். கான்ட்ராஸ்ட் ஏறும்போது சிலருக்குக் கை குளிரும், வாயில் ஒரு மாதிரி சுவை தட்டும். அரிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே பந்தை அழுத்த வேண்டும். அப்படி ஆவது அபூர்வம். இருந்தாலும் முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

குறுகிய இடம் என்றால் பயப்படுகிறவர்கள், குழாய் விட்டம் 70 செ.மீ. உள்ள இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள், வழக்கமானது 60. உள்ளே போகும் முன்பே கண்ணை மூடிக்கொள்வது நல்லது. முகத்துக்கு மேலே துணி போட்டுக்கொள்ளலாம். தூங்கிவிட்டால் மட்டும் மூச்சுக் கட்டளை கேட்காது.

9. ரிப்போர்ட்டும் சி.டி.யும்

ரிப்போர்ட் எங்களுக்கு இரண்டு நாளில் வந்தது. மருத்துவரைப் பார்க்கும் நாளை அதற்குப் பிறகு வையுங்கள். இதயத்தின் இடது கீழறையை 17 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தழும்பு எவ்வளவு ஆழம் என்று எழுதியிருப்பார்கள். சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் தழும்பு என்றால் அந்த இடம் மீளும் வாய்ப்புக் குறைவு. பம்பிங் அளவு எக்கோவில் இருந்ததும் இதில் இருப்பதும் அப்படியே பொருந்தாது. அப்பாவுக்கு எக்கோவில் 30, இதில் 34. நான்கு கூடிவிட்டது என்று அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டார். அளக்கும் முறை வேறு, அவ்வளவுதான் என்றார் மருத்துவர்.

ஃபிலிம் மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இதய எம்.ஆர்.ஐ.யில் பாதி அசையும் படம், ஃபிலிமில் அது அசையாது. முழுப் படங்களும் உள்ள சி.டி. வேண்டும் என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, பத்திரமாக மருத்துவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் சி.டி. போடும் இடமே இல்லை. திரும்ப சென்டருக்குப் போன் செய்து லிங்க் வாங்கி அனுப்பினேன். சி.டி. வாங்கும்போதே பென் டிரைவ் ஒன்றையும் நீட்டிவிடுங்கள்.